ஞானத்தைக் கேட்ட பிறகு முடிவெடுப்பது யார்?

#1 எம்மாவூர் வழி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

யாக்கோபு 1:5 நம்மில் பலருக்கு மனப்பாடம். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன், அவனுக்குக் கொடுக்கப்படும். கேட்டு முடித்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் ஆளுக்கொரு வழி இருக்கிறது. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பவர்கள் உண்டு. இரண்டு சீட்டு எழுதி ஜெபித்து ஒன்றை எடுப்பவர்கள் உண்டு. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையை வருஷம் முழுக்க அளவுகோலாக வைத்திருப்பவர்களும் உண்டு. "உள்ளத்தில் சமாதானம் வந்தது", "ஊழியக்காரர் சொன்னார்" என்பவை இன்னும் அதிகம்.

வீடு, வேலை, வரன், ஜாமீன் கையெழுத்து, ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் இவையே வழி. காரியம் கெட்டுப்போனால் "கர்த்தருடைய சித்தம்" என்று முடித்துவிடுகிறோம். அந்த முடிவுக்குப் பொறுப்பு யார்? வசனத்தோடும் நடைமுறையோடும் எழுதுங்கள். "ஜெபியுங்கள், வழி திறக்கும்" என்று மட்டும் எழுத வேண்டாம். ஜெபித்தவர்கள்தான் இந்தக் கேள்வியையே கேட்கிறார்கள்.

#2 பெரோயா

சாலொமோனிலிருந்து தொடங்கலாம். ஞானத்தைக் கேட்டு வாங்கியதற்கு 1 இராஜாக்கள் 3-ஐ எல்லாரும் காட்டுகிறோம். அதோடு உபாகமம் 17:16-17-ஐயும் சேர்த்து வாசிக்கவேண்டும். ராஜா குதிரைகளைப் பெருக்கக்கூடாது, அதற்காக ஜனங்களை எகிப்துக்கு அனுப்பக்கூடாது, அநேகம் ஸ்திரீகளை விவாகம்பண்ணக்கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாய்ச் சேர்க்கக்கூடாது. பிறகு 1 இராஜாக்கள் 10, 11-க்கு வாருங்கள். 1,400 ரதங்கள், 12,000 குதிரைவீரர், எகிப்திலிருந்து குதிரைகள், எருசலேமில் கற்களைப்போல் வெள்ளி, 700 மனைவிகள், 300 மறுமனையாட்டிகள். அந்தப் பட்டியலில் ஒன்றும் மீதியில்லை.

தேவன் கொடுத்த ஞானம் குறைந்துபோகவில்லை. இரண்டு தாய்மாரின் வழக்கைத் தீர்த்த அதே மனிதன்தான் இதையும் செய்தான். ஞானம் கிடைத்தவனுக்கும் கீழ்ப்படிவது அன்றாடம் அவனே செய்யவேண்டிய வேலைதான். உபாகமம் 17:18-19 அதற்கான வழியையும் சொல்கிறது. ராஜா நியாயப்பிரமாணத்தின் ஒரு பிரதியைத் தனக்காக எழுதி வைத்துக்கொண்டு, தன் நாளெல்லாம் வாசிக்கவேண்டும். ஒரே ராத்திரி கிபியோனில் கண்ட சொப்பனம் அந்த வாசிப்புக்கு ஈடாகாது.

#3 கடுகுவிதை

சகோதரர் பெரோயா சொல்வது சரி. மறுபக்கத்தையும் வைக்கிறேன். ஆராய்ந்து முடிவெடுத்தே விழுந்தவர்கள் யோசுவா 9-ல் இருக்கிறார்கள். பக்கத்திலேயே குடியிருந்த கிபியோனியர், தூரதேசத்தார் என்று நடித்து உடன்படிக்கை கேட்டு, பூசணம் பூத்த அப்பத்தையும் கிழிந்து தைத்த துருத்திகளையும் பழைய பாதரட்சைகளையும் காட்டினார்கள். இஸ்ரவேலர் "எங்கள் நடுவே குடியிருக்கிறவர்களாக்கும்" என்று சந்தேகப்பட்டார்கள், விசாரித்தார்கள், சாட்சிப் பொருளைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். ஆனால் 14-ம் வசனம், கர்த்தருடைய வாக்கைக் கேளாமல் வாங்கிக்கொண்டார்கள் என்கிறது. ஆணையிட்டு உடன்படிக்கையும் செய்தார்கள். மூன்று நாளில் உண்மை வெளிப்பட்டது.

இன்று "நன்றாக விசாரித்துவிட்டோம்" என்று ஜெபத்தைக் கடைசி ஐந்து நிமிஷத்துக்குத் தள்ளுவது இதே பாவம்தான். எங்கள் பெந்தெகொஸ்தே சபைகளைப் பற்றிப் பேசும்போது இந்தப் பக்கத்தை மறக்கவேண்டாம்.

#4 பெரோயா

ஏற்றுக்கொள்கிறேன் சகோதரி. அதே அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஏமாற்றப்பட்டது தெரிந்த பிறகும் தலைவர்கள் ஆணையை முறிக்கவில்லை. சபையெல்லாம் முறுமுறுத்தபோதும் "நாங்கள் ஆணையிட்டோம்" என்று நின்றார்கள். பிற்பாடு சவுல் அதை மீறினதற்காகத் தாவீதின் நாட்களில் மூன்று வருஷம் பஞ்சம் வந்தது (2 சாமுவேல் 21). எதிராளி பொய் சொன்னான் என்பதற்காகக் கொடுத்த வாக்கு தள்ளுபடியாகவில்லை.

#5 மன்ரேசா

கத்தோலிக்கத் திருச்சபையில் இதைத் 'தேர்ந்து தெளிதல்' என்கிறோம். புனித லொயோலா இஞ்ஞாசியார் 1522-ல் மன்ரேசாவில் தொடங்கி எழுதிய ஆன்மீகப் பயிற்சிகளுக்கு 1548-ல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் தந்தார். இந்தக் கேள்விக்கு நேரடியாக உதவும் பகுதி அதில் இருக்கிறது. மனம் அமைதியாய் இருக்கும்போது எப்படி முடிவெடுப்பது என்று ஆறு படிகளாகச் சொல்கிறார்.

முதலில் காரியத்தைத் தெளிவாக முன்னால் வைக்கவேண்டும். "வேலையை என்ன செய்வது?" என்பது காரியம் ஆகாது. "மூன்று மாதத்துக்குள் இந்த வேலையை விட்டு அந்த ஊருக்குப் போவதா, வேண்டாமா?" என்பதுதான் காரியம். இரண்டாவது, எந்தப் பக்கமும் சாயாத தராசு முள் நிலைக்கு வரவேண்டும். கடவுளின் மகிமையும் என் மீட்பும் எந்தப் பக்கம் இருக்கிறதோ அங்கே போகத் தயாராக இருக்கவேண்டும். மூன்றாவது செபம். நான்காவது, ஏற்றால் வரும் நன்மை, ஏற்றால் வரும் ஆபத்து, ஏற்காவிட்டால் நன்மை, ஏற்காவிட்டால் ஆபத்து என நான்கு பக்கமும் எழுதிப் பார்ப்பது. ஐந்தாவது, அறிவு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து முடிவெடுப்பது. இதில் ஆசையின் சாய்வுக்கு இடமில்லை. ஆறாவது, எடுத்த முடிவைக் கடவுளிடம் கொண்டுபோய் ஒப்புக்கொடுத்து, உறுதிப்படுத்தும்படி மன்றாடுவது.

வழக்கமாகத் தவறுகிற இடங்கள் மூன்று. ஒன்று, பலர் இரண்டாவது படியைத் தாண்டிவிடுகிறார்கள். முள் ஏற்கெனவே சாய்ந்திருந்தால் மற்ற ஐந்தும் வெறும் ஒப்புக்குத்தான். இன்னொன்று, நான்கு பட்டியலுக்குப் பதிலாக இரண்டை மட்டும் எழுதுவது. "ஏற்காவிட்டால் வரும் நன்மை" என்பதைத் தனியாக எழுதும்போதுதான் இதுவரை கண்ணில் படாதவை வெளியே வரும். மூன்றாவது, வரிகளை எண்ணி முடிவு செய்வது. ஏழு அற்பக் காரணங்களை விட ஒரு கனமான காரணம் பெரியது.

சாய்வு போகவே இல்லை என்றால் அவரே வேறு வழி தருகிறார். முன்பின் தெரியாத ஒருவர் இதே காரியத்தோடு வந்தால் அவருக்கு என்ன சொல்வீர்கள்? சாகும் நேரத்தில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவீர்கள்? தீர்ப்பு நாளில்? அந்தப் பதிலை உங்களுக்கே பயன்படுத்துங்கள் என்கிறார்.

மனம் வறண்டு கலங்கியிருக்கும் நேரத்தில், முன்பு தெளிவாய் எடுத்த முடிவை மாற்றக்கூடாது என்பதும் அவருடைய விதி. ராஜினாமாக் கடிதங்களும் சபை மாறும் முடிவுகளும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் எழுதப்படுகின்றன.

#6 ஒலிவமரம்

ஆனால் சீட்டு வேதத்திலேயே இருக்கிறதே? அப்போஸ்தலர் 1:26-ல் யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டில்தான் எடுத்தார்கள். கிதியோன் பனியை அடையாளமாகக் கேட்டுக் களத்தில் போட்ட தோலும் இருக்கிறது. புனித அகஸ்டினும் வேதத்தைத் திறந்து கண்ணில் பட்ட முதல் பகுதியை வாசித்துத்தானே மனம் மாறினார்?

#7 தரங்கை வாசகன்

மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும், தம்பி.

கிதியோன்: நியாயாதிபதிகள் 6:14-லேயே "உனக்கு இருக்கிற இந்தப் பலத்தோடே போ" என்று கட்டளை வந்துவிட்டது. தோலைப் போட்டது 36-ம் வசனத்தில். சித்தத்தை அறிய அவன் அதைப் போடவில்லை. அறிந்த சித்தத்தை நம்ப முடியாமல் போட்டான். "உமது கோபம் என்மேல் மூளாதிருப்பதாக" என்று அவனே பயந்து கேட்கிறான். தேவன் இரங்கினார். அந்த இரக்கம் நமக்குச் சட்டமாகாது.

அப்போஸ்தலர் 1: சீட்டு அங்கே கடைசி. அதற்கு முன் பேதுரு தகுதியை வைக்கிறார் (21-22). யோவானின் ஸ்நானம் முதல் ஆண்டவர் பரமேறின நாள் வரை கூடவே இருந்தவனாக இருக்கவேண்டும். அந்தத் தகுதியோடு இருவரை நிறுத்தி, ஜெபித்து, பிறகே சீட்டு. பெந்தெகொஸ்தே நாளுக்குப் பின் அப்போஸ்தலர் சீட்டுப் போட்டதாக நடபடிகளில் இல்லை. 15-ம் அதிகாரத்தில் பெரிய வழக்கு வந்தபோது மிகுந்த தர்க்கம் நடந்தது, சாட்சிகள் பேசினார்கள், யாக்கோபு வேதவாக்கியத்தோடு ஒப்பிட்டார். அதன் பிறகே "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதினார்கள். ஆவியானவரோடு "எங்களுக்கும்" என்று தங்களையும் சேர்த்துக் கையெழுத்திட்டார்கள்.

சீட்டைக் காப்பாற்றி வைத்த சபைகளும் இப்படித்தான் செய்கின்றன. எகிப்தின் கோப்திக் சபையில் 2012 நவம்பர் 4 அன்று கண் கட்டிய ஒரு சிறுவன் எடுத்த சீட்டில் இரண்டாம் தவத்ரோஸ் தலைமைப் பேராயரானார். ஆனால் அந்தக் கிண்ணத்தில் இருந்தவை பல மாதப் பரிசீலனையும் வாக்கெடுப்பும் கடந்து வந்த மூன்றே பெயர்கள். மொராவியர்கள் (1760-ல் தரங்கம்பாடிக்கும் வந்த புராட்டஸ்டண்ட் சபையார்) ஒரு காலத்தில் திருமணத்துக்கும் சீட்டுப் போட்டார்கள். சாதாரண உறுப்பினர்களுக்கு அந்தக் கட்டாயத்தை 1818-ல் தங்கள் சபைப் பேரவையில் (சினாடில்) நீக்கினார்கள். அவர்கள் 1731 முதல் அச்சிடும் தினவசனப் புத்தகத்தில் இன்றும் பழைய ஏற்பாட்டு வசனம் சீட்டில் எடுக்கப்படுகிறது. அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தை மனிதர்கள் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். தியானத்துக்கான வசனம் அது. அதைப் பார்த்து நிலம் வாங்கச் சொல்லி யாரும் அச்சிடவில்லை.

அகஸ்டின்: 386-ல் மிலானில் அவர் வாசித்தது ரோமர் 13:13-14. என்ன செய்யவேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரியும், செய்யத்தான் மனம் வரவில்லை. தெரிந்த கட்டளைக்குக் கீழ்ப்படிய அந்த வசனம் அவரைத் தள்ளியது. பின்னாளில் ஆயராக யனுவாரியுஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், சுவிசேஷப் பக்கங்களைச் சீட்டாக்கி உலக காரியங்களுக்குக் குறி கேட்கும் வழக்கம் தனக்குப் பிடிக்கவில்லை என்றே எழுதுகிறார். 506-ல் ஆயர்கள் கூடிய ஆக்தே சங்கம் அதைத் தடையே செய்தது.

#8 எம்மாவூர் வழி

வாக்குத்தத்த அட்டை பற்றி யாராவது?

#9 பெரோயா

எரேமியா 29:11 அதிகம் வரும் வசனம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அட்டையில் 10-ம் வசனம் அச்சாவதில்லை. அது 70 வருஷம் என்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் இது. அந்தக் கடிதம் கிடைத்தவர்களில் பெரியவர்கள் ஊர் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. அதனால்தான் 5-7 வசனங்கள் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்யுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று வேலை கொடுக்கின்றன. முந்தின அதிகாரத்தில் அனனியா இரண்டே வருஷத்தில் விடுதலை என்றான். அவனை நம்பினவன் வீடு கட்டியிருக்கமாட்டான், மரமும் நட்டிருக்கமாட்டான்.

அட்டையை வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. வாங்கின அன்றே அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்து, இது யாருக்கு, எப்போது, எந்த நிபந்தனையோடு சொல்லப்பட்டது என்று அட்டையின் பின்புறம் எழுதுங்கள். எழுத முடியாத வசனத்தின் மேல் முடிவெடுக்கவேண்டாம்.

#10 கடுகுவிதை

தீர்க்கதரிசனம் பற்றி எங்கள் பக்கத்திலிருந்து நானே சொல்லவேண்டும். "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்ற வசனத்துக்கு அடுத்ததே "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து" (1 தெசலோனிக்கேயர் 5:20-21). சோதிப்பதை அவிசுவாசம் என்று சொல்லும் ஊழியக்காரர் பாதி வசனத்தைத்தான் பிரசங்கிக்கிறார்.

1 இராஜாக்கள் 13-ஐ இதற்காகவே வாசிக்கவேண்டும். அப்பம் புசியாமலும் தண்ணீர் குடியாமலும், போன வழியாய்த் திரும்பாமலும் வரவேண்டும் என்று தேவனுடைய மனுஷனுக்கு நேரடிக் கட்டளை. பெத்தேலின் கிழவனான தீர்க்கதரிசி, "ஒரு தூதன் சொன்னான்" என்று பொய் சொல்லி அழைத்துப் போகிறான். பொய் சொன்னவன் கிழவன், சிங்கம் கொன்றது கேட்டவனை. கடினமான பகுதிதான். அதை மென்மையாக்க எனக்கு மனமில்லை.

அகபு என்ற தீர்க்கதரிசி சொன்னது நேர்மாறு. எருசலேமில் பவுலைக் கட்டுவார்கள் என்றான், அது உண்மையாயிற்று. கூட இருந்தவர்கள் "போகவேண்டாம்" என்று அதற்கு அர்த்தம் கொண்டார்கள், பவுல் போனார் (அப்போஸ்தலர் 21). சொல்லப்பட்ட செய்தி வேறு, அதைக் கேட்டு நாம் எடுக்கும் முடிவு வேறு.

நடைமுறைக்கு: யாராவது "கர்த்தர் உங்களுக்குச் சொன்னார்" என்றால் அவர் சொன்ன வார்த்தைகளை அன்றே தேதியோடு எழுதுங்கள். ஞாபகத்தில் வைத்தால் ஆறு மாதத்தில் நம் ஆசைக்கேற்ப அது மாறியிருக்கும். சபையில் நிதானிக்கத் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள் (1 கொரிந்தியர் 14:29). சொன்னவருக்கு அதனால் காணிக்கையோ நிலமோ சம்பந்தமோ கிடைக்கிறதா என்று பாருங்கள். "யாரிடமும் சொல்லாதே, இன்றைக்கே செய்" என்று அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்துங்கள்.

#11 மன்ரேசா

சகோதரி கடைசியாகச் சொன்னதற்கு எங்கள் விவிலியத்தில் உள்ள சீராக்கின் ஞானம் 37 பொருந்தும். ஆலோசகரின் தேவை என்ன என்று முதலில் அறிந்துகொள் என்கிறது. போரைப் பற்றிக் கோழையிடமும், விற்பதைப் பற்றி வாங்குபவனிடமும், வேலையைப் பற்றிச் சோம்பேறியிடமும் கேட்காதே என்று பட்டியலே போடுகிறது. இன்றைக்கு வீட்டுமனையைப் பற்றி புரோக்கரிடமும், காப்பீட்டைப் பற்றி ஏஜெண்டிடமும் மட்டும் கேட்பது அதே தவறு. "அநேக ஆலோசனைக்காரர்" என்று நீதிமொழிகள் 11:14 சொல்வதற்கு, ஒரே கருத்துள்ள ஐந்து பேர் போதாது. அந்தத் தொழில் தெரிந்த ஒருவர், உங்கள் குறை தெரிந்த ஒருவர், உங்களிடம் 'இல்லை' என்று சொல்லப் பயப்படாத ஒருவர் வேண்டும்.

#12 நல்ல சமாரியன்

மருத்துவம் பற்றிச் சுருக்கமாக. எசேக்கியாவுக்கு 15 வருஷ ஆயுள் கூட்டித் தருவதாகக் கர்த்தரே சொன்ன பிறகுதான் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொன்னார் (2 இராஜாக்கள் 20:5-7). வாக்கும் மருந்தும் ஒரே அறையில் இருந்தன.

உபவாச ஜெபத்துக்கு வரும் சர்க்கரை நோயாளிகள் கவனிக்கவேண்டும். இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு எடுப்பவர்கள் சாப்பிடாமல் மருந்து மட்டும் போட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்குப் பட்டினியில் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. உபவாசத்துக்குச் சில நாள் முன்பே மருத்துவரிடம் அளவை மாற்றிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்தால் உடனே சோதியுங்கள். சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழே இருந்தால் உபவாசத்தை முடித்துவிடவேண்டும். 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். ஜெப அறையில் மயங்குபவரைப் பார்த்து "அபிஷேகம்" என்று விட்டுவிடுவது உயிரைப் பறிக்கும்.

சுகமானதாக விசுவாசித்து வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம். காசநோய் மருந்தை இடையில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறி வீட்டிலுள்ளவர்களுக்கும் பரவும். சுகம் கிடைத்ததென்றால் பரிசோதனையில் தெரியும். குஷ்டரோகி சுத்தமானபோதும் ஆண்டவர் அவனை ஆசாரியனிடத்தில் காண்பிக்கத்தானே அனுப்பினார் (மத்தேயு 8:4)?

#13 ஒலிவமரம்

எல்லாம் செய்தும் தவறிப்போனால்? பிள்ளை வழிதவறினால், நடக்கவேண்டிய வழியில் நடத்தினால் முதிர்வயதிலும் அதை விடமாட்டான் என்ற நீதிமொழிகள் 22:6-ஐக் காட்டிப் பெற்றோரைக் குற்றப்படுத்துகிறார்களே.

#14 பெரோயா

அது சபைகளில் செய்யப்படும் பெரிய கொடுமை. நீதிமொழி, உலகம் பொதுவாக எப்படி நடக்கிறது என்று சொல்வது. ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதித் தந்த உடன்படிக்கை அது இல்லை. 26:4 மூடனுக்குப் பதில் சொல்லாதே என்கிறது, 26:5 பதில் சொல் என்கிறது. எப்போது எது என்று அறிவதுதான் ஞானம். சுறுசுறுப்புள்ளவன் கை செல்வமுண்டாக்கும் என்ற 10:4-ஐ வாசிப்பவர், அநியாயத்தால் ஏழையின் விளைச்சல் கெட்டுப்போகிறது என்ற 13:23-ஐயும் வாசிக்கவேண்டும்.

தினம் ஒரு அதிகாரம், மாதத்துக்கு 31 என்ற வழக்கம் 1 முதல் 9 வரை நன்றாக உதவும், அவை நீண்ட உபதேசங்கள். 10:1 முதல் 22:16 வரை 375 தனித்தனி வாக்குகள். அங்கே தினம் மூன்று நான்கு போதும். பணம், நாவு, கோபம், ஏழை என்று தலைப்பிட்டு ஒரு நோட்டில் பிரித்து எழுதினால், ஒன்றையொன்று திருத்தும் வாக்குகள் அடுத்தடுத்து வந்து நிற்கும்.

பிள்ளையின் பொறுப்புக்கு எசேக்கியேல் 18 முழுவதும் வாசியுங்கள். நீதிமானுக்குப் பிறந்த கொடியவனும், கொடியவனுக்குப் பிறந்த நீதிமானும் அங்கே இருக்கிறார்கள். அவனவன் கணக்கு அவனவனுக்கு.

நாமே தவறினதாக இருந்தால் இரண்டு ராஜாக்களைப் பாருங்கள். சவுல் முதலில் "கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன்" என்றான், பிறகு ஜனங்களைச் சொன்னான், கடைசியில் பாவத்தை ஒத்துக்கொண்டபோதும் "ஜனங்களுக்குப் பயந்து" என்று சேர்த்தான், அடுத்ததாக மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணக் கேட்டான் (1 சாமுவேல் 15). தாவீது சொன்னது ஒரே வரி (2 சாமுவேல் 12:13). அதில் "ஆனால்" இல்லை. யாருக்காவது நஷ்டம் செய்திருந்தால் ஜெபத்தோடு முடிவதில்லை. அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும் என்பது எண்ணாகமம் 5:7. பத்தாயிரம் என்றால் பன்னிரண்டாயிரம். சகேயு நாலத்தனையாய்க் கொடுத்தான்.

#15 எம்மாவூர் வழி

ஜாமீன் கையெழுத்து விஷயம் விட்டுப்போயிற்று. சபை உறவில் "விசுவாசிக்கு விசுவாசி உதவவேண்டாமா" என்று கேட்டால் மறுப்பது எப்படி? ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் என்ன செய்வது?

#16 ஆயக்காரன்

வங்கிப் பக்கம் தெரிந்தவன் என்பதால் எழுதுகிறேன். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். கடனாளியைத் துரத்தி முடித்த பிறகுதான் வங்கி உங்களிடம் வரும் என்று எண்ணவேண்டாம், நேராகவே வரலாம். கடன் தவணை தவறினால் உங்கள் சிபில் அறிக்கையிலும் ஏறும். படுக்கையையும் எடுத்துக்கொள்வான் என்று நீதிமொழிகள் 22:27 சொல்வது இதைத்தான்.

மறுப்பதற்கு வழி: முழுக் கடனையும் நீங்களே கட்டவேண்டி வந்தால் குடும்பம் தாங்குமா என்று கணக்குப் போடுங்கள் (லூக்கா 14:28). தாங்காது என்றால் அந்தத் தொகையைச் சொல்லியே மறுங்கள். உங்களால் முடிந்த சிறு தொகையைத் திரும்ப எதிர்பாராமல் கையில் கொடுங்கள். பாரம் சுமப்பது அப்படியும் ஆகும். "ஜெபித்துச் சொல்கிறேன்" என்று இழுத்தடிக்காதீர்கள். அவர் வேறு வழி தேடும் நேரத்தை அது தின்றுவிடும்.

போட்டுவிட்டவர்களுக்கு நீதிமொழிகள் 6:1-5. தூங்காதே, போய் உன்னைத் தாழ்த்தி வருந்திக் கேள் என்கிறது. முதலில் உத்தரவாதப் பத்திரத்தின் நகலை வாங்கி, தொகைக்கு வரம்பு இருக்கிறதா, ஒரு கடனுக்கா, தொடர்ந்து எடுக்கும் கடன்களுக்கெல்லாமா என்று பாருங்கள். தொடர் உத்தரவாதமானால் 130-ம் பிரிவின்படி எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, இனி எடுக்கும் கடன்களுக்குப் பொறுப்பை நிறுத்தலாம். ஏற்கெனவே கொடுத்து முடித்த தொகைக்கு அது செல்லாது. அதற்குக் கடனாளியே வேறு ஜாமீனோ சொத்து ஈடோ கொடுத்து, வங்கி எழுத்தில் உங்களை விடுவிக்கவேண்டும். வாய்வார்த்தை விடுவிப்பு எதற்கும் உதவாது. கடைசியில் நீங்களே கட்டும்படி வந்தால் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். 145-ம் பிரிவின்படி அந்தத் தொகையைக் கடனாளியிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அவர் வங்கியில் வைத்த ஈட்டின் மேலும் 141-ம் பிரிவின்படி உரிமை உண்டு. ஆனால் பல வங்கிகளின் பத்திரத்தில் ஜாமீன்தாரர் இந்த உரிமைகளில் சிலவற்றை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருக்கும். கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடி வாசியுங்கள்.